பட்டைக் கரைக்கிற மாப்பிள்ளை

ஆராய்ச்சி மாணவன் என்று உண்மையைச் சொல்லிப் பெண் கேட்ட நான்கு வீடுகளிலும் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் 2007இல் முதுகுளத்தூருக்குப் பெண் பார்க்கப் போனபோது, என் தாய்மாமா மருதுபாண்டி எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்: மதுரையில் பட்டு வியாபாரம்! ஆய்வுக்கூடத்தில் பட்டுக்கூடு வேகவைக்கிறவன் நான். மூன்று ஆண்டுகளில் நான் வேகவைத்தது ஒரு ரவிக்கைக்குக்கூடத் தேறாது.

பெண்ணின் அத்தை பஞ்சம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, நம்ம சனத்துக்குப் பூராம் உங்க கடையிலயே சேலை எடுத்துருவோம். வெலையப் பாத்துப் போடுங்க" என்றார்.

மாமா என் தொடையைக் கிள்ளினார். தலையாட்டினால் சண்முகவள்ளி கிடைப்பாள். பார்த்த நொடியிலேயே எனக்கு அவள்தான் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் அவளோ மதுரையில் புற்றுநோய் வார்டு நர்ஸ். பொய் சொல்லிக் கட்டிக்கொண்டால், ஆயுள் முழுக்க ஊசி அவள் கையில்.

"கடையெல்லாம் இல்லங்க. பட்டைக் கரைச்சு, கண்ணுக்குத் தெரியாத துணுக்கா ஆக்கி, அதுக்குள்ள புற்றுநோய் மருந்தை வைக்கிறோம்."

"கரைக்கிறீகளா!" பஞ்சம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "ஏப்பா மருதுபாண்டி, நல்ல பட்டைக் கரைக்கிறவரையா கூட்டியாந்திருக்கே?"

கூடமே சிரித்தது. பெண்ணின் அப்பா வீரபத்திரன் மட்டும் சிரிக்கவில்லை.

கதவோரம் நின்ற சண்முகவள்ளி கேட்டாள்: "அப்ப மருந்து உடம்பு பூராம் ஓடாதா?"

"புற்றுநோய்க் கட்டிக்குப் பக்கத்துல போயி மெதுவாக் கசியணும். முடி கொட்டுறது, வாந்தியெல்லாம் கொறையணும். அதான் ஆசை."

"யாருக்காச்சும் கொணமாயிருக்கா?"

மாமா மறுபடி கிள்ளினார். இந்த முறை சதையே கையோடு போயிருக்கும்.

"இல்லங்க. கண்ணாடித் தட்டுல வளக்கிற புற்றுநோய்ச் செல்லுதான் செத்திருக்கு. எலிக்கே இன்னும் குடுக்கல. பாதி நாள் துணுக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மக்கு மாதிரி நிக்கும். நானும் பக்கத்துல அப்பிடித்தான் நிப்பேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மற்ற வீடுகளில் நான் கிளம்பிய பிறகுதான் சிரித்திருப்பார்கள். பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அய்யா, நாளைக்கே சரியாப் போயிரும்னு நோயாளிககிட்ட அளந்துவிடுறவுகளத் தெனம் பாக்குறேன். இவுக இல்லாததை இல்லைன்னு சொல்றாக. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் சோற்றில் கை நனைப்பதில்லை. வீரபத்திரன் மகளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எலையப் போடுங்கத்தா" என்றார். மாமா வாழைத்தோட்டத்துக்கே ஓடுவது போல எழுந்தார்.

அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்த பிறகும் அந்த வீட்டார் மனம் மாறவில்லை. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் இதைவிட நல்ல முடிவு எனக்கு வந்ததில்லை.