வான்கோழிக்கு எந்த ஊர்?

நான் சமைக்கும் சாமியார் பங்களாக் குசினியில் வான்கோழி வெந்துகொண்டிருந்தது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன்.

அம்மா ஜெபமாலையம்மாள் இந்த ஆவூரில் பிறந்தவள். பதினாறு வயதில் கல்யாணமாகிக் கப்பலேறியவள், போன வருஷம் பர்மாவிலிருந்து இந்தியர்கள் எல்லோரையும் விரட்டியபோதுதான் என்னோடு திரும்பினாள். இப்போது அவளுக்கு ஒரே ஆசை, தன் தாயான என் அம்மாச்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். கோயில் கணக்கெல்லாம் பார்க்கும் உபதேசியார் தைரியநாதனிடம் ஆறு மாதமாக நடையாய் நடந்தேன். வரி கொடுக்கும் தலைக்கட்டுக் குடும்பங்களின் பெயர் எழுதிய ஊர்ப் புத்தகத்தைப் புரட்டுவார், உதட்டைப் பிதுக்குவார்.

"ஒங்கப்பா வேற ஊரு. தலைக்கட்டுல பேரு இல்லையே ரங்கூன்காரம்மா. வேலியோரம் வழிப்போக்கனுங்களப் பொதைக்கிற எடம் இருக்கு. அங்கிட்டுப் பாத்துக்கலாம்."

அந்தப் பதிலை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல்காரிக்குக் கோபம் வந்து என்ன ஆகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அன்றைக்கு ஈஸ்டர் விருந்து. பங்குச் சாமியாரோடு சாப்பிட மூன்று வெள்ளைக்காரச் சாமியார்கள் வந்திருந்தார்கள். கோழியை மேசையில் வைத்ததும் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். உபதேசியாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற பெருமை தாங்கவில்லை, என்னைக் கூப்பிட்டு விளக்கினார்.

"கேட்டியாம்மா கூத்தை? இங்கிலீஷ்காரனுக்கு இது துருக்கிக் கோழி. பிரெஞ்சுச் சாமி ஊர்ல இந்தியாக் கோழியாம். போர்ச்சுகல் சாமி பெரு தேசத்துப் பேரைச் சொல்றாரு. ஹாலந்துச் சாமி கள்ளிக்கோட்டைக் கோழிங்கிறாரு! நெசத்துல அது அமெரிக்காவுல பொறந்துச்சாம். அந்தப் பேரை மட்டும் ஒருத்தனும் வைக்கலை!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சாமி," என்றேன் பங்குச் சாமியாரைப் பார்த்து. "இது பேரு எந்தத் தலைக்கட்டுல இருக்குன்னு கேட்டுட்டா மேசையில வச்சீங்க? எங்கம்மா இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவ. அவளுக்கு மட்டும் வேலியோரமா?"

சிரிப்பு நின்றது. பங்குச் சாமியார் என்ன ஏதென்று விசாரித்தார். விஷயம் அவர் காதுக்கே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தைரியநாதன், பொஸ்தகத்தை எடுத்துட்டு வாங்க. அந்தம்மாவுக்கு அவங்க தாயாருக்குப் பக்கத்துலயே எடம் விடணும்."

உபதேசியார் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ரங்கூன் ஜெபமாலையம்மாள்' என்று இருந்தது. சண்டை போட வாயெடுத்தேன். அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கண் விழித்துத்தான் இருந்தாள்.

"எழுதியாச்சும்மா. ஆனா அந்த மனுசன் ரங்கூன் ஜெபமாலையம்மாள்னு எழுதித் தொலைச்சிட்டாரு. நாளைக்கே போயி மாத்தச் சொல்றேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் மூச்சு இல்லை.

"விடுடி. ரங்கூன்ல இருந்த வரைக்கும் என்னைய ஆவூர்க்காரின்னுதானே கூப்பிட்டாளுக."

என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"எடம் எங்கிட்டு?"

"அம்மாச்சிக்குப் பக்கத்துல."

"அப்பச் சரி," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.