ஒரு கட்டை மேலே

அந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு ஒரு ஜாண் கனம். சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. உள்ளே நாலு பேர் மூன்றாவது நாளாக ஒரே ஆளின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளும் அந்த நாலு பேரில் ஒருவர் என்பதுதான் கொடுமை.

ஊருக்கே அவர் சிட்டு. இருபத்திரண்டு வயதில் ஒல்லியாக நின்று கீச்சென்று உச்சத்தில் பாடியபோது ஒரு பத்திரிகைக்காரர் வைத்த பெயர். இப்போது வயது ஐம்பத்தொன்று. தொப்பை பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, கண்ணாடி இல்லாமல் சொந்தப் பாட்டின் வரிகளையே படிக்க முடியாது. ஆனாலும் சிட்டுதான். பெயரை மாற்றச் சொல்லி யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

கம்பெனி அவருடைய பழைய பாட்டுகளைத் திரட்டி இரண்டு தட்டுகளில் ஒரு ஆல்பம் போடுகிறது. முதல் தட்டில் எல்லாரும் கேட்ட பதினாறு. இரண்டாவதில் யாருமே கேட்காத எட்டு: பாதியில் கைவிட்டவை, ஒத்திகையில் பதிந்தவை, வெளிவராமல் பெட்டியில் தூங்கியவை. 'கேட்டதும் கேட்காததும்' என்று பெயர் வைத்தவர் அத்தான். அத்தான் என்றால் சிட்டுவின் அக்கா புருஷன். முதல் பாட்டிலிருந்து இன்றுவரை தயாரிப்பாளர், கணக்குப்பிள்ளை, காவல்காரர் எல்லாம் அவரே.

ஆல்பத்தோடு போயிருந்தால் சிட்டு மாலை போட்டு வரவேற்றிருப்பார். கூடவே நாற்பது ஊர்க் கச்சேரி இருந்தது. அதற்கான ஒப்பந்தத்தில் ஒன்பதாவது விதி: அவரைப் பிரபலமாக்கிய 'நாளைக்கு வா' பாட்டைத் தட்டில் இருக்கும் அதே ஸ்ருதியில் முழுக்கத் தானே பாட வேண்டும், மைக்கை ஜனங்கள் பக்கம் திருப்பக் கூடாது. இந்த விதி சும்மா வந்து உட்காரவில்லை. ஏழெட்டு வருஷமாக அந்தப் பாட்டின் உச்சமான கடைசி 'வா' நெருங்கும்போது சிட்டு பெரிய வள்ளல் மாதிரி மைக்கைக் கூட்டத்திடம் நீட்டிவிடுவார். கூட்டம் தொண்டை கிழியப் பாடும். அவர் காதில் கையை வைத்து ரசிப்பதாக நடிப்பார். கம்பெனி அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அந்த 'வா' அவர் கழுத்தில் விழுந்த சுருக்கு. பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் கேட்டார். அப்பா செத்த வீட்டில், வாசலில் செருப்பைக் கழற்றியபடியே ஒருவர் காதருகில் வந்து, "தப்பா நினைக்காதீங்க, ஒரே ஒரு தடவை அந்த 'வா'..." என்றார். சிட்டுவும் பாடித் தொலைத்தார். பாடிப் பாடிக் குரல்நாணில் முடிச்சு விழுந்தது. ஒருமுறை அறுத்தாயிற்று. இன்னொரு தடவை அதே உச்சத்துக்குப் போனால் பாட்டு மட்டுமல்ல, பேச்சே போகலாம் என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் குரல் போகும். போடாவிட்டால், பாட்டுகளின் உரிமை கம்பெனியிடம் என்பதால், பழைய ஒப்பந்தப்படி அவருடைய ஒரு பாட்டையும் அவர் எந்த மேடையிலும் பாட முடியாது. இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் பேனாவோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சவுண்ட் இன்ஜினியர் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். பழைய பதிவு எல்லாத்துலயும் அடியில கரண்ட் இரைச்சல் ஒண்ணு 'ம்ம்'னு ஓடிட்டே இருக்கும். நம்ம கரண்டுக்கு அது ஐம்பது ஹெர்ட்ஸ்ல நிக்கணும். உங்க எல்லாப் பாட்டுலயும் ஐம்பதுதான். 'நாளைக்கு வா'ல மட்டும் ஐம்பத்தாறு."

"அதுக்கு?" என்றார் மேனேஜர்.

"டேப்பை வேகமா ஓட்டி வெளியிட்டிருக்காங்க. வேகம் ஏறினா குரலும் ஏறும். சார் பாடினது நாலு கட்டை ஸ்ருதியில. தட்டுல வந்தது அஞ்சு கட்டை."

சிட்டுவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அவள் பெட்டியிலிருந்து அசல் டேப்பை எடுத்து எந்திரத்தில் மாட்டி, அது பதிவான வேகத்திலேயே ஓடவிட்டாள். ஒரு இளைஞன் பாடினான். நிதானமான, கொஞ்சம் கனத்த, அவசரமே இல்லாத குரல். கடைசி 'வா'வை அவன் உச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். இருபத்தொன்பது வருஷமாகத் தன் தொண்டையை அறுத்துக்கொண்டு அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்த குரல் தன்னுடையதே இல்லை என்று சிட்டுவுக்கு விளங்கியது. கோபம் பிறகுதான் வந்தது.

"அத்தான்."

அத்தான் மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்களைத்தான்."

"மூணு நிமிஷம் இருபது விநாடிடா அது," என்றார் அத்தான். "மூணுக்கு மேல போனா ரேடியோக்காரன் கையால தொடமாட்டான். எந்த வரியை வெட்டச் சொல்றே? எல்லாமே நல்லா இருந்துச்சு. ஸ்பீடை ஏத்தினேன், ரெண்டு அம்பத்தெட்டுல முடிஞ்சது. அவ்வளவுதான் விஷயம்."

"எங்கிட்டே ஏன் சொல்லலை? ரேடியோல கேட்டுட்டு என் குரல் மாதிரியே இல்லையேன்னு உங்ககிட்டதானே வந்து கேட்டேன்!"

"சொந்தக் குரலைக் கேட்டா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். நீயும் தலையாட்டினே. நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன்? பாட்டு ஓடாம இருந்திருந்தா இந்நேரம் நீ..."

"முடிச்சு விழாத தொண்டையோட இருந்திருப்பேன்! தொண்டையை அறுத்தப்போ ஆஸ்பத்திரியில பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

அத்தான் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. அது சிட்டுவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று இருந்தது. அக்காவின் முகம் நடுவில் வந்து நின்றுகொண்டது.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அதுவும் ஒரு தொந்தரவு. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி சார். இதுதான் அசல்னா மேடையிலயும் இதையே பாடுங்க. ஒன்பதாவது விதியில 'அசல் ஸ்ருதி'ன்னு மாத்திடறேன். ஆல்பத்துல முதல் பாட்டாவே இதை வைக்கலாம். ஒரே ஒரு விஷயம், இப்போ ஒரு தடவை பாடிக் காட்டுங்க. ஜனங்க முன்னால எப்படி நிக்கும்னு எனக்குக் கேட்கணும்."

சிட்டுவுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. இவ்வளவுதானா? கதவு திறந்தே கிடந்திருக்கிறது, இவர்தான் இத்தனை வருஷம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாரா? கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போய் மைக் முன்னால் நின்றார். இன்ஜினியர் பழைய குரலை அடக்கிவிட்டு வாத்தியங்களை மட்டும் ஓடவிட்டாள். நாலு கட்டை. நடந்து போகிற வேகம்.

முதல் வரி சுகமாக வந்தது. இரண்டாவது வரியில் ஏதோ உறுத்தியது. வாத்தியம் கீழே இறங்குவதாகத் தோன்றியது. இறங்கவில்லை, இவர்தான் ஏறிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். "ஒன்ஸ் மோர்."

மறுபடியும் அதே இடத்தில் குரல் ஏறிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. தோள் தானாக மேலே போயிற்று. பத்தாயிரம் தடவை பழகிய உடம்பு, யார் சொல்லியும் நிற்காது. மூன்றாவது தடவை கண்ணை மூடி, கையை முஷ்டியாக்கி, ஒவ்வொரு சொல்லையும் கீழே பிடித்து அமுக்கினார். பாட்டு செத்த பாட்டாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலாவது தடவை என்னவோ நடந்தது. இரண்டாவது வரியில் குரல் ஏறியபோது வாத்தியமும் கூடவே வந்தது. இதோ பிடித்துவிட்டேன் என்று நினைத்தார் சிட்டு. உடம்பு இளகியது. பாட்டும் அவரும் ஒன்றாக ஓடினார்கள். கடைசி 'வா'வுக்கு வாயைத் திறந்தபோது சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. அது உச்சத்தில் போய் நின்றது, பழையபடி, ஊரே அறிந்தபடி. தொண்டைக்குள் ஏதோ கீறியதைக்கூட அவர் அந்த நேரத்தில் பொருட்படுத்தவில்லை.

ஹெட்போனில் மேனேஜரின் குரல் குதித்தது. "இதுதான் சார்! இதுதான் சிட்டு!"

சிட்டு கண்ணைத் திறந்தார். இன்ஜினியரின் விரல் டேப் எந்திரத்தின் வேகத் திருகியின் மேல் இருந்தது. அவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"ஏத்தினீங்களா?"

அவள் மைக் பொத்தானை அழுத்தினாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க மேல போயிட்டே இருந்தீங்க சார். பாட்டு கீழேயே நின்னா உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்தது, பார்க்க முடியலை. நல்லா இருக்கணும்னுதான்..."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரைத் திட்டுவது? அத்தானைத் திட்டலாம், அது பழைய கணக்கு. இந்தப் பெண் இரக்கப்பட்டாள். மேனேஜர் விதியையே மாற்றித் தருவதாகச் சொன்னார். தொண்டைதான் பழைய பழக்கத்தை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. சிட்டு தடுப்பில் இருந்த கனமான கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்து இந்தப் பக்கம் வந்தார்.

மேனேஜர் ஏற்கெனவே பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். முதல் தட்டில் முதல் பாட்டு 'நாளைக்கு வா', எல்லாரும் கேட்டபடியே. இரண்டாவது தட்டில் எட்டாவதாக 'நாளைக்கு வா', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மெதுவான வடிவம்'.

"அந்த இடத்துல 'அசல்'னு போடுங்க," என்றார் சிட்டு.

"போட்டா, முதல் தட்டுல இருக்கிறது என்னன்னு கேட்பாங்களே சார்," என்றார் மேனேஜர், நிஜமான வருத்தத்தோடு.

ஒப்பந்தத் தாள் மேசையில் இருந்தது. ஒன்பதாவது விதி திருத்தப்படாமல் அப்படியே இருந்தது. அத்தான் எழுந்து வந்து, பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்து சிட்டுவின் கண்ணாடியை எடுத்து நீட்டினார். சிட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். பேனாவையும் வாங்கினார்.

"முதல் ஊர் எது?" என்று கேட்டார். பாதிச் சொல்லுக்குமேல் குரல் வரவில்லை, மேனேஜர் குனிந்து, "என்ன சார் சொன்னீங்க?" என்றார்.