பட்டியலில் ஏழாவது பேர்

கல்லூரியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியல் வந்தபோது வஹீதுன்னிசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொள்ள விருப்பம் தெரிவித்த மாணவியர். நாளைக்கு முகாம். பெரிய வகுப்பில் பதினோரு பெயர்தான். ஏழாவது, அவள் மகள் ஷிபா.

அதே குழுவில் ஜமீலாவும் இருந்தாள். அவள் மகள் ஃபிசா ஷிபாவின் வகுப்பு. மகன் சர்ஃபராஸுக்குத்தான் ஷிபாவைப் பேசியிருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம்.

"ஏண்டி ஷிபா, இன்னா ஊசி இது?"

"கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்கறதுக்கும்மா. ஒரு கிருமியால வருது."

"கிருமி எப்படி வருது?"

ஷிபா தரையைப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டி சேர்றதுல."

"யா அல்லா! அதுக்கா ஊரறியப் பேர் குடுத்துட்டு வந்தே?"

"போன வாரம் வரைக்கும் எனக்கே தெரியாதும்மா. கேள்வித்தாள் குடுத்தாங்க, பத்துக்கு ரெண்டுதான் சரி. ஆம்பளைங்களுக்கும் வருமான்னு ஒரு கேள்வி. வராதுன்னு எழுதினேன். பசங்களும் அப்படித்தான் எழுதி வச்சானுங்க."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கரையான்சாவடியிலிருந்து ஜமீலாவே வந்துவிட்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல வஹீதா. பட்டியல் பாத்தேன்."

"அது... அது வேற ஷிபா, அக்கா."

"என் பொண்ணும் அதே கிளாஸ்தானே? அங்க ஒரே ஷிபாதான் கீறா."

வஹீதுன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜமீலா உட்காரவில்லை.

"நல்ல ஊட்டுப் பொண்ணுக்கு இது எதுக்குன்னு நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்றது? பேரை எடுக்கச் சொல்லு."

ஷிபா டீயோடு வந்தாள். தட்டை ஜமீலாவிடம் நீட்டினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டாத்தான் நல்லது மாமி. அந்த நோய் நல்ல வீடு பாத்தா வருது?"

"அப்ப என் புள்ளைகிட்டேருந்து வந்துரும்னு சொல்றியா?"

"யாரையும் சொல்லல மாமி. கிருமி இருக்கறது இருக்கறவங்களுக்கே தெரியாதாம்."

ஜமீலா டீயைத் தொடவில்லை. "காலைல போன் பண்றேன். நல்ல சேதியா சொல்லு."

அவள் போனதும் வஹீதுன்னிசா பை விற்கும் கடையிலிருந்த கணவரை அழைத்தாள். ஹாஜா மொய்தீன் எல்லாம் கேட்டுவிட்டு, "பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்து முடி" என்று வைத்துவிட்டார்.

ஷிபா சம்மதப் படிவத்தைத் தாய்முன் வைத்தாள். கல்லூரியில் பெற்றோர் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள்.

"இப்ப ஊசி போடலன்னா?"

"அப்புறமும் போடலாம்மா. ஆனா அதுக்குள்ள கிருமி வந்துட்டா, வந்ததை ஊசி போக்காதாம்."

"நிச்சயம் நின்னுபோச்சுன்னா?"

ஷிபா படிவத்தைத் தாய் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். வஹீதுன்னிசா அதை ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள்.

மறுநாள் முகாமுக்கு அவளும் கூடப் போனாள். பதினோரு பேரில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஷிபாவின் முறை வந்தபோது கைப்பேசி அடித்தது. ஜமீலா.

"எடும்மா."

"மொதல்ல ஊசி. கையை நீட்டு."

அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திய பிறகுதான் எடுத்தாள்.

"போட்டாச்சுக்கா" என்றாள், சலாம்கூடச் சொல்லாமல்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அக்கா, லைன்ல கீறீங்களா?"