ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட்

பட்டப்பகலில் கனவு காண்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் வேலையும் அதற்குத் தோதானதுதான். சோதனைக்கூடத்து ஜன்னலோரம் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் அளவு தெரிந்த வெள்ளிக் கரைசல், இன்னொன்றில் யாராவது சோதிக்கக் கொடுத்த தண்ணீர். இரண்டிலும் வெள்ளிக் கம்பியைத் தொங்கவிட்டு, இடையே பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்துத் தண்ணீரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறதென்று கணக்குப் போடுவேன். மீட்டரில் எண் ஓய்ந்து நிற்கும்வரை வெயில் குவளைக்குள் இறங்கி நீந்தும். நானும் கூடவே நீந்துவேன்.

போன வாரம் வந்தது என் அக்காவின் தண்ணீர். அக்கா வெள்ளி முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறாள். கழுவிய தண்ணீரில் எங்கள் கரைசலில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாக வெள்ளி இருந்தால்தான் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி தருவார். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. சொந்த அக்காவின் தண்ணீரை நான் தொட்டிருக்கவே கூடாது. கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் இருந்தார், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பழைய கால்குலேட்டரில் லாக் பொத்தான் செத்துப் பல வருஷமாகிறது. அதனால் எல்லோரும் பக்கத்திலிருந்த எல்.என். பொத்தானோடு குடித்தனம் நடத்தினோம். மின்னழுத்தத்தை வகுக்க அதற்குரிய எண் 0.0257 என்று யாரோ சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். லாக் என்றால் 0.0592. எந்த ஜோடியைப் பிடித்தாலும் விடை ஒன்றுதான், ஜோடி மாறாதவரை.

போன வாரம்தான் புதுக் கால்குலேட்டர் வந்தது. கல்லூரியில் பழகிய லாக்கைப் பார்த்ததும் எனக்குப் பழைய பாசம் பொங்கிவிட்டது. எண்ணைச் சுவரிலிருந்து எடுத்தேன், பொத்தானை நினைவிலிருந்து அமுக்கினேன். இருநூறில் ஒரு பங்கு என்று வந்தது. அறிக்கையைக் கையில் வாங்கிய அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அதிகாரி வர்ற அன்னிக்கு அவர் முன்னாடியே இந்தத் தண்ணியில மீனை விட்டுக் காட்டறேன் பாரு" என்றாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் குவளைகளைக் கழுவியபடி வழக்கம்போல் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். திறந்து கிடந்த நோட்டில் என் கையெழுத்து: ஐம்பத்தொன்பது மில்லிவோல்ட். இந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியுமே என்று சோம்பலாக நினைத்தேன். 0.059 வோல்ட்; லாக்குக்குரிய 0.0592-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்று. ஒன்று என்றால் பத்து மடங்கு. கல்லூரியில் அரைத்தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பத்தில் ஒரு பங்கு. இருநூறில் இல்லை.

சுவரிலிருந்த எல்.என். எண்ணோடு லாக் பொத்தானைச் சேர்த்திருக்கிறேன். போன் அடித்தேன், அக்கா எடுக்கவில்லை. ஓடினேன். தெரு முழுக்க வெயில், கால் தரையில் பாவவே இல்லை.

பட்டறையில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் அறிக்கை அவர் மடியில். எதிரே கண்ணாடித் தொட்டியில் பட்டறைத் தண்ணீர் பளிங்காக நின்றது. அக்கா பாலிதீன் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று ஆரஞ்சு மீன்கள்.

பேசாமல் இருந்தால் மீன்தான் சாகும், பட்டறை பிழைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"விடாதக்கா. நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். இது நல்ல தண்ணி இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்தார். "வடிகட்டியை மாத்துங்க. வேற ஆள் சோதிக்கட்டும். அதுவரைக்கும் பட்டறை ஓடக் கூடாது."

அவர் போனபின் அக்கா என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. முடிச்சை மறுபடி இறுக்கிப் பையை என் கையில் கொடுத்தாள்.

"இத நீயே வச்சுக்க. இனிமே கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, இதுங்கள விடலாமான்னு யோசிச்சிட்டுப் போடு."

இப்போது அவை ஜன்னலோரம், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் நீந்துகின்றன. நான் நீந்துவதில்லை.