காணாமற்போன நாலாயிரத்து அறுநூற்று அறுபது கிலோ

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சூளை நோட்டில் என் பெயருக்கு நேரே முதலாளி சிவப்பு மையில் எழுதிவைத்த தொகை. கைநீட்டி வாங்கிய கடனில்லை. நான் திருடிவிட்டதாக அவர் போட்ட கணக்கு.

எங்கள் வேலை கல்லைச் சுடுவது. ஒரு வரிசை கரி, ஒரு வரிசை சுண்ணாம்புக்கல் என்று சூளைக்குள் மாற்றி மாற்றி அடுக்கி மூன்று நாள் எரிப்போம். மேலே கல்லாகப் போவது கீழே சுட்ட சுண்ணாம்பாக வரும். பழைய முதலாளி பெட்டியால் அளந்து வாங்கி, பெட்டியால் அளந்து விற்றார். சுட்ட பிறகும் கல்லின் பருமன் அப்படியேதான் இருக்கும். அதனால் பெட்டிக் கணக்கில் எதுவும் குறைந்ததில்லை.

அவர் படுத்த படுக்கையானதும் மருமகன் வந்தார். அதுவரை துணிக்கடை வைத்திருந்தவர். முதுகுக்குப் பின்னால் ‘ஜவுளி’ என்போம். வந்த வாரமே வாசலில் எடை மெஷின் வைத்தார். போகிற கல்லையும் வருகிற சுண்ணாம்பையும் எழுத ஆள் வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நான்தான் அங்கே எழுத்துத் தெரிந்த ஒரே கூலி. மூட்டையும் தூக்கி நோட்டும் எழுதினேன். சுண்ணாம்பு அரித்து வெடித்த விரலில் பேனா நிற்காது; துணி சுற்றிக்கொண்டு எழுதுவேன்.

மாதக் கடைசியில் ஜவுளி கூட்டிப் பார்த்தார். உள்ளே போனது பதினோராயிரம் கிலோ. வெளியே வந்தது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது.

“மீதி எங்கய்யா?”

“கல்லுல ஈரம் இருக்கும் முதலாளி. சுட்டா வத்திரும்.” நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

அவர் ஒரு கல்லை எடை போட்டு மொட்டைமாடி வெயிலில் பத்து நாள் காயவைத்தார். ஏறக்குறைய அப்படியே இருந்தது.

“ஈரமாம் ஈரம்! எனக்கே தண்ணி காட்டுறியா? நோட்டு உன் கையில. கணக்கும் உன் தலையில.”

கிலோவுக்கு நாலு ரூபாய் போட்டார். வாரக் கூலியில் நானூறு பிடித்தார். மூன்று மாதத்தில் முழுவதும் கட்டாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். “கைநாட்டா இருந்தவரைக்கும் உங்களை யாராச்சும் திருடன்னு சொன்னாங்களா? பேனாவைப் பிடிச்சீங்க, நல்லா பேர் வாங்கிட்டீங்க.”

நான் மட்டும் யோக்கியமா? அவள் தம்பி எங்கள் சூளையில் லாரி ஏற்றுகிறவன். அவன்தான் வழியில் இறக்கி விற்கிறானோ என்று மனம் அரித்தது. ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்துவிட்டான்.

“என்ன மாமா, என் டிபன் பாக்ஸையும் எடை போடணுமா?”

அதன் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கான வகுப்பில் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரப் பிடித்தம் போன மறுநாள் அறிவியல் பாடம். பாதித் தூக்கத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ‘சுண்ணாம்புக்கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட். அதை மிகுந்த வெப்பத்தில் சூடேற்றினால் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் பிரிகிறது.’

தூக்கம் போய்விட்டது. “டீச்சர், இந்த வாயுவுக்கு எடை உண்டா?”

“உண்டுண்ணே. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சரியா இருக்கணும். ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம போயிருக்கும், அவ்வளவுதான். சுத்தமான கல்லு நூறு கிலோன்னா, சுண்ணாம்பு அம்பத்தாறு, வாயு நாப்பத்திநாலு.”

“நாப்பத்திநாலா!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பெஞ்சுத் தையற்காரம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். பதினோராயிரத்துக்கு நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ போயிருக்க வேண்டும். எங்கள் சூளையில் அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கிறது.

திங்கட்கிழமை புத்தகத்தோடு போய் நின்றேன்.

“காத்துக்கு எடையா? யார் காதுல பூ சுத்துற?”

“உங்க வீட்டு கேஸ் சிலிண்டர் தீர்ந்தா ஏன் முதலாளி லேசாயிடுது? இரும்பா கரைஞ்சுது?”

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு, “புத்தகம் எழுதினவன் என் சூளையைப் பாத்தானா?” என்றார்.

“அப்ப நீங்களே பாருங்க.”

இரண்டு கிலோ கல்லை அவரே எடை போட்டார். மூடி போட்ட இரும்பு வாளிக்குள் வைத்து அவரே கம்பி சுற்றி முறுக்கினார். பூட்டும் போடப் பார்த்தார். பித்தளைப் பூட்டு அந்தச் சூட்டில் உருகிவிடும் என்று சொல்லித் தடுத்தேன். வாளியைச் சூளைக்குள் இறக்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது தன் அண்ணனைக் காவல் வைத்தார்.

மூன்றாம் நாள் வாளியை வெளியே இழுத்தோம். கருகிப்போன கம்பியில் அவர் போட்ட முறுக்கு அப்படியே இருந்தது. ஆறியதும் அவரே அறுத்து, மெஷினில் கொட்டினார். மச்சினன்கூட லாரியை விட்டுவிட்டு வந்து நின்றான்.

ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்.

“புத்தகம் ஆயிரத்து நூத்திருபதுன்னுதானே சொல்லுது? முப்பது கிராம் ஏன் கூட?” என்றார் ஜவுளி.

“நம்ம கல்லு அவ்வளவு சுத்தம் இல்ல. நடுவுல கொஞ்சம் வேகாமலும் இருக்கும்.”

“குறைஞ்சாலும் சந்தேகம், கூடினாலும் சந்தேகமா?” என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை.

ஜவுளி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் கை வைத்தார். “ஐயோ! அப்ப ரெண்டு கிலோ கல்லுக்குக் காசு கொடுத்துட்டு, ஒரு கிலோ சுண்ணாம்புக்குக் காசு வாங்கிட்டு இருந்திருக்கேனா?”

துணிக்கடைக்காரருக்கு அப்போதுதான் விலை தெரிந்தது. என்னைத் திருடன் என்றது அவர் நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை. நான்தான் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். சிவப்புத் தொகையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிடித்த இரண்டாயிரத்து நானூறையும் கேட்டேன். கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தால் நின்று கேட்க எனக்கும் தெம்பில்லை.

பணத்தை மடித்து வைத்துக்கொண்டு மச்சினனிடம் போனேன். “மாப்ள, உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு.”

“தப்புதான்,” என்றான். லாரியில் பாதிச் சுமை மிச்சம் இருந்தது. மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்தேன்.