பொற்கொடிக்காக ஒரு ஜெபக் குறிப்பு

ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸில் இருந்தது என் நம்பர். பிள்ளைகளை எங்காவது வேலைக்கு அடைத்து வைத்திருந்தால் அழையுங்கள் என்று போட்டிருந்தோம். இரண்டு மாதம் யாரும் அழைக்கவில்லை. மூன்றாம் மாதம் காளியம்மாள் அழைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தக்காளி மண்டியில் அவளோடு தரம் பிரிக்கிறவர் ஒருவர் படித்துச் சொல்லி, நம்பரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"சர்ச்சுக்காரங்களா? என் பொண்ணுங்க. பொற்கொடி. பன்னெண்டு வயசு. பேரிகைக்கு அந்தாண்ட ரோஜாத் தோட்டத்துல வெச்சினு அனுப்ப மாட்டேன்றாங்க. பாக்கப் போனா கேட்டையே தொறக்கல."

அவள் கணவன் முனிவேல் முன்பணம் வாங்கிக்கொண்டு மகளைக் கொண்டுபோய் விட்டிருந்தான். பிறகு அவனும் வீட்டுக்கு வரவில்லை.

ஓசூரில் எங்கள் சபை, சுஜாதா வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்த வேலையை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூட இன்னும் வெளியே கொண்டுவரவில்லை. பொற்கொடிதான் முதல்.

சுஜாதா பூ வாங்க வந்தவள் போலப் பைக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒன்பது பிள்ளைகள். பூச்சிமருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் உள்ளே போய், நடு மொட்டு பெரிதாகட்டும் என்று பக்கமொட்டுக் கிள்ளுகிறார்கள். பிள்ளைகளை மீட்கப் போக, சப் கலெக்டர் அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

"பிரவீனாக்கா, இது நமக்குள்ளயே இருக்கணும்" என்றாள் சுஜாதா. "பேரிகை தாண்டினா கர்நாடகா. அங்க வேற கலெக்டர், வேற போலீஸ். தோட்டக்காரங்களுக்கு ஒரு மணி நேரம் கெடச்சாப் போதும், பிள்ளைங்கள அந்தப் பக்கம் கொண்டுபோயிடுவாங்க. அண்ணன்கிட்டகூடச் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. என் கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினார். எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லாமல் கழிவது புதிதில்லை. போதகருக்கு விஷயம் தெரியும். அவரும் தன் மனைவி ரேவதியிடம் சொல்லவில்லை. அவ்வளவு கவனமாகத்தான் இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம். எல்லோரும் ஜெபக் குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மகன் அரியர் பாஸாக, மருமகளுக்குக் கர்ப்பம் தங்க, பெங்களூருக்கு மாற்றல் கிடைக்க. என் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. இருபது வருடமாக எனக்குப் பயம் வந்தால் நான் செய்வது அது ஒன்றுதான். எழுதினேன். "பேரிகை ரோஜாத் தோட்டத்தில் அடைபட்டிருக்கும் பொற்கொடிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வியாழக்கிழமை விடுதலை கிடைக்க." கர்த்தரிடம் சொல்வது யாரிடமும் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டை நாலாக மடித்துப் போட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை அதிகாரிகளின் ஜீப்புக்குப் பின்னால் எங்கள் வேன் போனது. காளியம்மாள் மடியில் ஒரு பையை வைத்திருந்தாள். உள்ளே புதுச் சுடிதார்.

"வளந்திருப்பா. அளவு தெரியாம எடுத்தேன்" என்றாள். "பெருசா இருந்தா பரவால்ல, இல்லீங்க?"

"பிடிச்சுத் தச்சுக்கலாம்" என்றேன்.

கேட் திறந்தே கிடந்தது. அதைப் பார்த்ததும் சுஜாதா கண்ணை மூடிக்கொண்டாள்.

தகரக் கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை இன்னும் காயவில்லை. பினாயில் வாடை. கூடாரத்துக்குள் பெரியவர்கள் நாலு பேர் நிதானமாக மொட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மோர் கொண்டுவரச் சொன்னான். யாரும் குடிக்கவில்லை.

"பிள்ளைங்களா? இங்க ஏது மேடம்?" என்றான் அதிகாரியிடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "சர்ச்சுல எல்லாரும் எங்க தோட்டத்துக்காக ஜெபம் பண்றீங்களாமே. எங்க டிரைவரு பொண்டாட்டிக்கு வந்துச்சு, அவரு எனக்கு அனுப்பிச்சாரு. நானும் ஆமென் போட்டேன் மேடம்."

போனை நீட்டினான். எங்கள் சபையின் ஜெபக் குழு வாட்ஸ்அப்பிலிருந்து போன செய்தி. செவ்வாய் மாலை ரேவதியக்கா எல்லாச் சீட்டுகளையும் வழக்கம்போலத் தட்டச்சு செய்து போட்டிருந்தார்கள். எட்டாவதாக என்னுடையது. ஒரு எழுத்து மாறவில்லை. பக்கத்தில் கூப்பிய கைகளின் படம். அந்தக் குழுவை நான் திறந்து பல மாதம் ஆகியிருந்தது.

"யாரு எழுதுனதுக்கா இது?" என்றாள் சுஜாதா.

"நான்தான் எழுதினேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அதிகாரியிடம் போய் ஏதோ பேசினாள், எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரில் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தாள், இங்கிருந்து கடிதம் வந்தால்தான் தேடுவோம் என்றார்கள். முந்தின நாள் விடியற்காலை ஒரு பால் வேன் வந்து போனதாக ரோட்டோரம் மாடு மேய்த்தவர் சொன்னார். எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்குக் வடக்கே கை காட்டினார். அது கர்நாடகம்.

காளியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். போனில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி, எதையும் விடாமல் சொன்னேன்.

"சாமிகிட்டதான் சொன்னீங்க?"

"ஆமா."

"சீட்டுல எதுக்கு எழுதனீங்க? சாமிக்குப் படிச்சுக் காட்டணுமா?"

அவள் பையை இடுக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பேரிகை பஸ் நிறுத்தம் வரை இரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் வெள்ளைக் கூடாரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் அவள் நின்று உள்ளே பார்த்தாள்.

மாலூர் போகிற தனியார் பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினாள்.

"நானும் வரேன் காளியம்மா. ரெண்டு பேரா தேடலாம்."

படியில் ஏறித் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

"வேணாங்க" என்றாள். "நீங்க வந்தா யார்கிட்டனா சொல்லிடுவீங்க."

கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து எத்தனை பேர் என்று கன்னடத்தில் கேட்டார். காளியம்மாள் ஒரு விரலைக் காட்டினாள்.