வால்வு சூடாகும் வரை

1.

இந்தக் கதை ஒரு பழுப்புக் கறையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோ ஒன்றின் முதுகுப் பலகையைக் கழற்றியபோது, பெட்டியின் உட்கூரையில், பல்பு மாதிரி எரியும் பெரிய வால்வுக்கு நேர் மேலே, மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. வருடக்கணக்கில் சூடு பட்டால்தான் அப்படி ஆகுமாம். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் என் சேர்மானம். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

இது நாலாவது பிரதி. "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது" என்று ஒரு தொடக்கம். (எந்தக் கதையில்தான் பெய்யவில்லை?) "ரேடியோக்காரர் அன்று சீக்கிரமே எழுந்து" என்று இன்னொன்று, எழுந்து என்ன செய்தார் என்று எனக்கே தெரியாததால் அவரை அப்படியே படுக்கவைத்துவிட்டேன். மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2.

ரேடியோக்காரரின் வீடு இரண்டாவது மாடியில். கூடம் முழுக்க ரேடியோக்கள், எல்லாம் ஒரே கம்பெனி. இரண்டு சகலைகள் காலியான சோப்புக் கிடங்கில் தொடங்கிய கம்பெனி அது. சகலைகள் கூட்டுத் தொழில் பத்து வருடம் ஓடியதே பெரிய சங்கதி. டிரான்சிஸ்டர் வந்தது, சம்பளம் நின்றது, கதவு சாத்தப்பட்டது. அந்தக் கம்பெனியின் வரலாற்றை ரேடியோக்காரர் பல வருடமாகத் திரட்டுகிறார். யார் படிக்கப்போகிறார்கள் என்று அவரும் கேட்பதில்லை.

"செத்த ரேடியோ எல்லாம் நம்ம வீட்டுலதான் வந்து படுக்கணுமா?" என்பாள் மனைவி.

(இந்த மனைவிக்கு இன்னும் நாலு வசனம் இருந்தது. அவள் பேச ஆரம்பித்தால் கதை அவளுடையதாகிவிடுகிறது. எடுத்துவிட்டேன்.)

3.

ஒரு பெண் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை.

"அப்பாவோடது சார். அவர் வேற ஊர்ல ரூம் எடுத்துத் தனியா இருந்து வேலை பார்த்தார். மாசம் ஒருதரம் வருவார். வந்தா, ரேடியோல கேட்ட நாடகத்தையெல்லாம் எங்களுக்கு நடிச்சுக் காட்டுவார்."

"சரி."

"அவர் போனப்புறம் அண்ணன்தான் ரூமைக் காலி பண்ணி இதை எடுத்துட்டு வந்தான். போட்டா லைட் எரியுது, சத்தம் வரல. பாடாத பொட்டியை வச்சுக்கிட்டுக் கதை விட்டிருக்கார்னான். சாயங்காலமானா வேற எங்கயோ போயிருக்கார், அங்க ஒரு வீடே இருந்திருக்கும்னான். இன்னிக்கு வரைக்கும் அதையேதான் சொல்றான்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரிப்பேரெல்லாம் அப்புறம் சார். இது பாடிச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

ரேடியோக்காரருக்கு அலுப்பாக இருந்தது. ரேடியோ என்று கொண்டுவந்து குடும்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

4.

திருகுகளின் மேல் கம்பெனி தடவிய சிவப்புச் சாயம் உடையாமல் இருந்தது. யாரும் இதைத் திறந்ததே இல்லை. உள்ளே, ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியைத் துளைக்குள் விட்டு ஒரு முறுக்கு முறுக்கியிருந்தார்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்க மறந்துவிட்டார்கள். அப்படி விட்ட கம்பி, தொட்டுக்கொண்டிருக்கும்வரை வருடக்கணக்கில் பாடும். களிம்பு ஏறினால் நின்றுபோகும். முதல் நாளிலிருந்தே பாடாமலும் இருக்கலாம். ரேடியோக்காரர் பெட்டியின் எண்ணைப் பார்த்தார். கம்பெனியின் கடைசி மாதத்தில் செய்தது.

(அந்தக் கம்பியை முறுக்கிய பெண்ணுக்கு ஒரு பத்தி எழுதினேன். சம்பளம் வராத மாதம், கழுத்து வலி, சங்கு ஊதியதும் அப்படியே எழுந்து போனாள் என்று. அவள் அலுப்பு எனக்கு நன்றாகவே புரிந்ததால் பத்தி நீண்டுகொண்டே போனது. அடித்துவிட்டேன்.)

கம்பியே இல்லை என்று நான் எழுதினால் அண்ணன் ஜெயித்துவிடுவான். ஈயம் வைத்திருந்தது என்றால் தங்கை. முதல் பிரதியில் தங்கையைத்தான் ஜெயிக்கவைத்தேன். பாட்டு வந்தது, அவள் அழுதாள், நான் கொட்டாவி விட்டேன்.

5.

"மத்ததெல்லாம் சரி பண்ணிட்டேன்மா. ஸ்பீக்கர் கம்பி இருக்கிற அந்த ஒரு எடத்தை மட்டும் தொடல. பாடிச்சான்னு என்னால சொல்ல முடியாது." ரேடியோக்காரர் டார்ச்சை உட்கூரைக்குத் திருப்பினார். "ஆனா இதைப் பாருங்க. தினம் மணிக்கணக்கா எரிஞ்சாத்தான் மரம் இப்படி ஆகும்."

அவள் கையை உள்ளே விட்டுக் கறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அவன் இரண்டு மாடி ஏறி, மூச்சிரைக்க வந்து கறையைப் பார்த்தான்.

"போட்டுட்டு வெளிய கெளம்பியிருப்பார்."

"யாரு, நம்ம அப்பாவா? கக்கூஸ் போறதுக்குக்கூட ரூம் லைட்டை அணைச்சுட்டுப் போற மனுஷன்."

அவன் டார்ச்சை வாங்கி, மறுபடியும் நெடுநேரம் பார்த்தான்.

"ஈயம் வச்சா கண்டிப்பாப் பாடும்," என்றார் ரேடியோக்காரர். "ஆனா முன்னாடி பாடிச்சான்னு அப்புறம் கேக்கவே முடியாது."

"இருக்கறபடியே போடுங்க சார்," என்றாள் தங்கை. சத்தம் வராவிட்டால் அண்ணன் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பான். அது தெரிந்துதான் சொன்னாள்.

6.

சத்தம் வந்தது என்று ஒரு முடிவு, வரவில்லை என்று ஒரு முடிவு, இரண்டும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டிலும் மூவரும் என் இஷ்டத்துக்குத் தலையாட்டுகிறார்கள். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டும் வேண்டாம். நான் எழுதாமல் தானாக நடந்தது இவ்வளவுதான்.

ரேடியோக்காரர் குமிழைத் திருகினார். வால்வு ரேடியோ போட்டவுடன் பேசாது, சூடாக வேண்டும். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் மெதுவாக ஏறியது.

"அப்பா ஒருதரம்," என்று தங்கை ஆரம்பித்தாள்.

அண்ணன் நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சும்மா இருடி," என்றான். "கேக்குறேன்ல."

நானும் நிறுத்திக்கொள்கிறேன்.